ப்ராக் நகரில் கிறிஸ்துமஸ் வாரம்: 24 நண்பகலுக்குப் பிறகு என்ன திறந்திருக்கும்?

சுக்குக்காப்பி

வணக்கம். 2026 டிசம்பர் 22 செவ்வாய் மதியம் ப்ராக்கில் இறங்கி 29 செவ்வாய் காலை கிளம்புகிறோம். நாங்கள் இருவர், 9 வயதுப் பையன், அம்மா. அம்மா சைவம், முட்டையும் சேர்க்கமாட்டார். முழங்கால் வலி இருப்பதால் படி ஏறுவது கஷ்டம்; சமதரையில் மெதுவாக எவ்வளவு தூரமும் நடப்பார். பழைய நகரச் சதுக்கத்திலேயே அறை எடுக்கலாமா என்று யோசனை. பண்டிகை நாட்களில் எது எது மூடியிருக்கும், அம்மாவுக்குச் சாப்பாட்டுக்கு என்ன வழி, கோட்டைக்கு ஏறாமல் போக முடியுமா? ஜெர்மனியின் ட்ரெஸ்டனுக்கு ஒரு நாள் போய்வரும் ஆசையும் உண்டு. விசாவுக்கு இன்னும் போடவில்லை.

நெய்தல்

முதலில் நாட்காட்டி. நம் ஊரில் 25தான் கிறிஸ்துமஸ். செக் நாட்டில் பண்டிகை 24ஆம் தேதி மாலையிலேயே நடந்து முடிந்துவிடும். முதல் நட்சத்திரம் தெரிந்ததும் சாப்பாடு, பிறகு பரிசுப் பொட்டலம், நள்ளிரவில் பூசை. பரிசு கொண்டுவருவதும் சாண்டா தாத்தா அல்ல, குழந்தை இயேசு. ஆகவே ஊர் அடங்குவது 24 மதியத்திலிருந்து.

கடைகளுக்குச் சட்டமே இருக்கிறது. 2016 அக்டோபரிலிருந்து 200 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் 24ஆம் தேதி நண்பகல் 12 மணிக்கு மூடியாக வேண்டும். 25, 26, ஜனவரி 1 மூன்று நாளும் முழுக்கப் பூட்டு. அதாவது எல்லா சூப்பர் மார்க்கெட்டும். ரயில் நிலையத்துக்குள்ளும் விமான நிலையத்திலும் இருக்கும் கடைகள், பெட்ரோல் பங்குகள், மருந்துக்கடைகள் இதில் வராது. தெருமுனைச் சின்ன மளிகைக்கடைக்கும் தடையில்லை. கதவின் மேல் 'பொத்ராவினி' என்று எழுதியிருக்கும். பலவற்றை நடத்துவது வியட்நாமியக் குடும்பங்கள், பண்டிகையன்றும் திறந்திருக்கும். பாலும் ரொட்டியும் தண்ணீரும் கிடைக்கும், விலை கூட.

உணவகங்கள் பலவும் 24 மாலை கிடையாது. திறந்திருப்பவையும் முன்பதிவோடு ஒரே ஒரு நிர்ணயித்த விருந்துதான் வைப்பார்கள். பொரித்த கெண்டை மீனும் உருளைக்கிழங்கு சாலடும் அதில் கட்டாயம். சாலடில் முட்டை மயோனைஸ். உங்கள் அம்மாவுக்கு அந்த மேசையில் சாப்பிட ஒன்றும் இருக்காது. அந்த ஒரு வேளைக்கு அறையில் சமைத்துக்கொள்வதே வழி.

டிராம் ஓடும். ஆனால் 24 மாலை குடும்பமெல்லாம் சாப்பாட்டு மேசையில் இருக்கும் நேரத்தில் சேவை வெகுவாகக் குறையும். அன்றைய நேரத்தை மட்டும் செயலியில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

கிறிஸ்துமஸ் சந்தைக்குக் கவலையில்லை. பழைய நகரச் சதுக்கத்திலும் வென்சஸ்லாஸ் சதுக்கத்திலும் வழக்கமாக ஜனவரி 6, அதாவது மூன்று ராசாக்கள் திருநாள் வரை நடக்கும். 24 மாலை மட்டும் பல கடைகள் சீக்கிரம் இழுத்து மூடிவிடும்.

இன்னொரு நாட்காட்டி சூரியனுடையது. அந்த வாரத்தில் விடிவது காலை 8 மணி, மறைவது மாலை 4 மணி. எட்டு மணி நேர வெளிச்சத்தில் மதியச் சாப்பாட்டுக்கு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தால் நாள் கையைவிட்டுப் போய்விடும். வெளிச்சம் வேண்டியதைக் காலையில் வையுங்கள். சந்தையும் பாலமும் இருட்டில்தான் அழகு.

எட்டாம் நம்பர் பஸ்

கோட்டைக்கு ஏறவே வேண்டாம். டிராம் எண் 22 பிடித்து 'பிராஸ்கி ஹ்ராத்' நிறுத்தத்தில் இறங்குங்கள். அங்கிருந்து தூள்பாலம் என்கிற சிறு பாலம் வழியாக இரண்டாம் முற்றத்துக்கு ஐந்து நிமிட நடை, கிட்டத்தட்ட சமதரை. அதற்கு ஒரு நிறுத்தம் முன்னால் இறங்கி அரச தோட்டம் வழியாகப் போகலாம் என்று பல பக்கங்களில் எழுதியிருப்பார்கள். அது கோடைக் கதை. நவம்பர் முதல் மார்ச் வரை தோட்டம் பூட்டு.

வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள், வரிசை நிற்கும். கட்டடங்கள் குளிர்காலத்தில் 9 முதல் 4 வரை, முற்றங்கள் காலை 6 முதல் இரவு 10 வரை. 8:45க்கு முற்றத்தில் இருந்தால் புனித வீத்து பேராலயத்துக்குள் முதல் கூட்டத்தோடு போய்விடலாம். 11 மணிக்குப் போனால் வெளியே குளிரில் நிற்பதே பாதி நேரம். ஞாயிறு காலை பேராலயத்தில் பூசை, சுற்றுலாக்காரர்களுக்கு 12 மணிக்குத்தான். 24ஆம் தேதி உட்புறங்கள் எல்லாமே மூடல்.

அம்மாவுக்காக ஒன்று கவனியுங்கள். பேராலயத்திலிருந்து, கோட்டைக்குள்ளேயே இருக்கும் பொற்சந்து நோக்கிப் போகும் வழி கீழ்நோக்கிச் சரியும். போகும்போது தெரியாது, திரும்பும்போது அது ஏற்றம். பொற்சந்துக்கு அந்தப் பக்கம் வெளியேறினால் பழைய கோட்டைப்படிகள். நீளமான படிக்கட்டு, மழை பெய்து உறைந்தால் கண்ணாடி மாதிரி வழுக்கும். நெருடோவா தெரு வழியாக இறங்குவதும் வேண்டாம், நல்ல சரிவு. வந்த வழியே மெதுவாகத் திரும்பி அதே 22இல் ஏறுவதுதான் சரி. பேராலயத்தின் தெற்குக் கோபுரத்தில் 287 படி. பையனோடு ஒருவர் போங்கள், அம்மா கீழே உட்காரட்டும். பெத்ரீன் குன்றின் கயிற்றிழு ரயிலை நம்பி எதையும் போடாதீர்கள். 2024 செப்டம்பரில் மறுகட்டுமானத்துக்காக நிறுத்தினார்கள்; ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்.

டிக்கெட் விஷயம்: மஞ்சள் பெட்டியில் காகிதச் சீட்டை ஒருமுறை, ஒரே முறை, செருக வேண்டும். நேரம் அதில் அச்சாகும். 24 மணி, 72 மணிச் சீட்டையும் முதல் பயணத்தில் மட்டும்தான். இரண்டாம் தடவை செருகினால் அச்சின்மேல் அச்சு விழுந்து படிக்க முடியாமல் போகும், பரிசோதகர் செல்லாது என்பார். டிராமுக்குள் அட்டை தட்டி வாங்குவது ஏற்கெனவே நேரம் பதிந்து வரும், அதைச் செருகத் தேவையில்லை. செயலியில் வாங்கினால் 'செயல்படுத்து' அழுத்திய கணமே செல்லுபடியாகிவிடாது, அதற்கு ஓரிரு நிமிடம் ஆகும். மெட்ரோ வாசலின் எல்லைக்கோட்டைத் தாண்டும் முன்பே அழுத்திவிடுங்கள். பரிசோதகர் நிற்பது பெரும்பாலும் அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம்தான்.

விமான நிலையத்திலிருந்து 119ஆம் எண் பேருந்து என்று இன்னும் பழைய குறிப்புகள் சுற்றுகின்றன. 2024 மார்ச் முதல் அது 59ஆம் எண் டிராலிபஸ். வெலெஸ்லாவீன் நிலையத்தில் இறங்கி மெட்ரோ ஏ. நான்கு பேர், நான்கு பெட்டி என்றால் செயலியில் டாக்சி அழைப்பதே மேல்.

ஒரு கை உப்பு

சாப்பாட்டுக்கு வருகிறேன். முட்டையில்லாச் சைவம் என்பது அங்கே வெறும் சைவத்தைவிடப் பல மடங்கு கஷ்டம். 'பெஸ் மாசா' (இறைச்சி இல்லாமல்) என்று மட்டும் கேட்டால் போதாது. பன்றிக் கொழுப்புத் துண்டை இறைச்சிக் கணக்கில் சேர்க்காத கடைக்காரர் உண்டு. 'பெஸ் ஸ்லானினி' என்று அதையும் சொல்ல வேண்டும்.

சந்தையில் கண்ணில் படும் சைவப் பண்டங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். பிரம்போராக் என்பது துருவிய உருளைக்கிழங்கில் பூண்டும் மார்ஜோரமும் சேர்த்துச் சுடும் அடை. முட்டை உண்டு, சில இடங்களில் பன்றிக்கொழுப்பில் சுடுவார்கள். பொரித்த பாலாடைக்கட்டி மேலே முட்டை தோய்த்து ரஸ்க் தூளில் புரட்டியது. ஹாலுஷ்கி என்ற உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை பெரிய வாணலியில் கொழுப்புத் துண்டோடு கலந்தே கிடக்கும், பிரித்து எடுக்க வழியில்லை. மூன்றும் அம்மாவுக்கு ஆகாது.

மிஞ்சுவது: லாங்கோஷ் (ஈஸ்ட் போட்ட மாவைப் பூரி மாதிரி பொரித்துப் பூண்டு, சீஸ் தூவுவது, மாவில் பொதுவாக முட்டை இருக்காது, கேட்டுக்கொள்ளுங்கள்), வறுத்த செஸ்ட்நட் கொட்டை, வேகவைத்த சோளம், சுட்ட உருளைக்கிழங்கு. குடிக்கப் பையனுக்கும் அம்மாவுக்கும் மது கலக்காத சூடான ஆப்பிள் பஞ்ச். 'நேஆல்கோ' என்று சொல்லிக் கேளுங்கள். வெறுமனே 'பஞ்ச்' என்றால் ரம்மோடு வரும்.

ட்ருடெல்னிக் பற்றி ஒரு வார்த்தை. கம்பில் மாவைச் சுற்றிச் சுட்டுச் சர்க்கரையில் புரட்டும் அந்தக் குழல் ரொட்டியைப் 'பழைய செக் பலகாரம்' என்று எழுதி விற்பார்கள். அது ஸ்லோவாக்கியாவின் ஸ்காலிட்சா ஊர்ச் சொத்து, ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடே அந்த ஊருக்குத்தான். ப்ராக்கில் தெருவுக்குத் தெரு முளைத்தது சுற்றுலாக் கூட்டத்தால். சாப்பிடுங்கள், தப்பில்லை. பாரம்பரியம் என்று சொல்லி அதற்கு இரண்டு மடங்கு கொடுக்காதீர்கள்.

அடுக்களை உள்ள வீடு எடுப்பதே உங்களுக்கு நல்லது. 24 நண்பகலுக்குள் வாங்கவேண்டியவை: 'பீலி யோகர்ட்' என்பது வெறும் தயிர். லேபிளில் 'ஜெலாடினா' என்றிருந்தால் அது விலங்கு எலும்பு, தோல் சரக்கு. வேறு டப்பா எடுங்கள். 'சோச்கா செர்வெனா' நம் மைசூர் பருப்பேதான். அரிசியில் பெரும்பகுதி சின்னச் சின்னத் துளைப் பைகளில் அடைத்தே வரும். பையோடு கொதிக்கவைக்கிற சரக்கு. பையை வெட்டி அரிசியை வெளியே எடுத்து நம் வழியில் வடியுங்கள், சாதம் உருப்படும். 25, 26க்கும் சேர்த்து மூன்று நாள் கணக்கு போடுங்கள்.

ஊரிலிருந்து எடுத்துப்போவதில் எல்லோரும் மாட்டுவது நெய். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பயணிகள் இறைச்சியும் பால் பொருளும் கொண்டுவரக் கூடாது. நெய், பால்கோவா, பால் பவுடர் மூன்றும் அதில் அடங்கும். பச்சைக் கறிவேப்பிலைக்குச் சான்றிதழ் கேட்பார்கள், ஆகவே அதுவும் வேண்டாம். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், காய்ந்த வத்தல், ரசப்பொடிக்குத் தடை இல்லை. தேங்காய் எண்ணெய் பாட்டிலோடு உறைந்துவிடும். வாயகன்ற டப்பாவில் எடுத்துப்போனால் கரண்டியால் சுரண்டலாம்.

சில்லறை

அசைவம் சாப்பிடுபவர்களுக்கு உப்பு சொல்லாமல் விட்டது: பழைய நகரச் சதுக்கத்தில் விறகு நெருப்பில் சுழலும் பன்றித் தொடைக்கறி. பலகையில் போட்டிருக்கும் விலை 100 கிராமுக்கு. அந்த '100 கி' சின்ன எழுத்தில் இருக்கும். நீங்கள் விரலைக் காட்டியதும் கடைக்காரர் வெட்டித் தராசில் வைப்பது 300, 400 கிராம். கத்தி இறங்கிய பிறகு வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. கத்தி இறங்கும் முன்பே 'ஸ்தோ க்ராமூ' (100 கிராம்) என்று சொல்லி, கத்தி வைக்கும் இடத்தைப் பார்த்து 'மென்ஷி' (இன்னும் சின்னதாக) என்று கையைக் காட்டுங்கள். தராசைப் பார்த்த பிறகு காசு.

பணம்: நாணயம் கொருனா, யூரோ அல்ல. யூரோ வாங்கும் கடைகள் உண்டு, அவர்கள் போடும் மாற்று விகிதம் அவர்களுக்குச் சாதகம். தெருவில் யாராவது நல்ல விலைக்கு மாற்றித் தருகிறேன் என்றால் நிற்காதீர்கள். செல்லாத பழைய பெலாரஸ் ரூபிளைக் கட்டாகத் திணிப்பது அங்கே வெகுகால வித்தை. மாற்றுக்கடையில் ஏமாந்தால் ஒரு வழி இருக்கிறது: 2019 ஏப்ரலிலிருந்து, 1000 யூரோ வரையிலான மாற்றலை மூன்று மணி நேரத்துக்குள் ரத்து செய்து பணத்தைத் திரும்ப வாங்கலாம். ரசீது வேண்டும். கவுண்டரை விட்டு நகருமுன் ரசீதைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஏ.டி.எம். என்றால் வங்கிக் கிளையின் சுவரில் இருப்பதை மட்டும். நினைவுப்பொருள் கடை வாசலில் தனியாக நிற்கும் பெட்டிகள் கட்டணமும் மோசம், விகிதமும் மோசம். எந்த இயந்திரமானாலும் 'உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடவா' என்று திரை கேட்கும். மாற்றம் வேண்டாம் என்பதை அழுத்துங்கள். வேண்டாம் என்றால் பரிவர்த்தனையே நின்றுவிடுமோ என்று பயந்துதான் பலர் சரி என்று அழுத்துகிறார்கள். நிற்காது, கொருனாவில் பணம் வரும்.

அறை வாடகையில் சேராமல் தலைக்கு ஒரு இரவுக்கு 50 கொருனா நகர வரி உண்டு, 18 வயதுக்குக் கீழ் இல்லை. உங்களுக்கு மூன்று பெரியவர், ஏழு இரவு, ஆக 1050. வந்த அன்றே ரொக்கமாகக் கேட்டால் திகைக்க வேண்டாம்.

யாழ்தேவி

ட்ரெஸ்டன் போற யோசனை எண்டால் ஒரு விஷயம் சொல்லவேணும். அங்கத்தைய ஸ்ட்ரீட்செல்மார்க்ட் 1434இல தொடங்கின சந்தை, ஆனால் 24ஆம் திகதி பின்னேரம் 2 மணியோட கட்டி முடிஞ்சிடும். நியூரெம்பெர்க்கும் 24ஓட சரி. ப்ராக்கில ஜனவரி 6 வரை நடக்குது எண்டு அதே கணக்கில 27ஆம் திகதி ட்ரெஸ்டனுக்குப் போனால் வெறும் மரப்பலகையைத்தான் பாக்கலாம். உங்கட நாட்களில 23ஆம் திகதி ஒண்டுதான் தோதானது. கோட்டையா சந்தையா எண்டு நீங்கள்தான் முடிவெடுக்கவேணும். சின்னப் பிள்ளையோடையும் அம்மாவோடையும் இறங்கின அடுத்த நாளே போகவர நாலரை மணித்தியாலம் ரயிலில இருக்கிறது எனக்குச் சரியாப் படேல்லை.

அப்பிடிப் போறதெண்டால் ஹ்லாவ்னி நாத்ராஜி நிலையத்தில ஏறி வலது பக்க ஜன்னலோரம் இருங்கோ. எல்ப ஆறு அந்தப் பக்கந்தான் வரும், ட்யெச்சின் தாண்டினாப் பிறகு மணற்கல் மலையள் தெரியும். ஒரே விசாவில போகக்கூடிய ஷெங்கன் நாடுகள் எண்டாலும் கடவுச்சீட்டு எல்லாருக்கும் கையில இருக்கவேணும். எல்லையில ஜேர்மன் பொலிஸ் ஏறிப் பாக்கும். ஃபோனில இருக்கிற படம் செல்லாது.

குட்னா ஹோரா எண்ட ஊர் கிட்ட, ரயிலில ஒரு மணித்தியாலம் போதும். ஆனால் ஊருக்கு ரெண்டு முனை. பெரிய நிலையத்தில இருந்து செட்லெட்ஸ் எலும்பு ஆலயம் ஒரு கிலோமீற்றர் அளவு. புனித பார்பரா பேராலயம் ஊரின்ர மற்ற அந்தத்தில, இன்னும் மூண்டு கிலோமீற்றர். அம்மாவை நடத்தாதையுங்கோ, ஊருக்குள்ள போற குட்டி ரயில் பெரிய நிலையத்தில இருந்தே வெளிக்கிடும். எலும்பு ஆலயத்துக்கு ரிக்கெற் வாசலில விக்கிறேல்லை, கிட்டத்தில இருக்கிற தகவல் நிலையத்தில வாங்கிக்கொண்டு போகவேணும். உள்ள படம் எடுக்க ஏலாது, 2020இல இருந்து தடை. கீழ இறங்கப் படியும் இருக்கு. ஒன்பது வயசுப் பிள்ளை மண்டையோட்டுக் குவியலைப் பாத்து ராவில நித்திரை கொள்ளாட்டில் என்னைக் கேக்காதையுங்கோ.

செஸ்கி க்ரும்லோவ் எண்ட ஊருக்குப் போகச்சொல்லி ஆரும் சொன்னால் ஒண்டு நினைவிருக்கட்டும்: கோட்டைக்குள்ளான சுற்றுகள் குளிர்காலத்தில இல்லை. தெருவை மட்டும் பாக்கத்தான் அவ்வளவு தூரம்.

மரவட்டை

எல்லோரும் சொன்னதில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். அடுக்களை உள்ள வீடு நல்லதுதான், பழைய நகரச் சதுக்கத்திலேயே எடுத்தால்தான் அம்மாவுக்கு நடை குறையும். களைத்தால் ஐந்து நிமிடத்தில் அறைக்கு வந்துவிடலாம். தள்ளித் தங்கினால் டிராமே கதி.

எட்டாம் நம்பர் பஸ்

நடை குறையும், ஒப்புக்கொள்கிறேன். மற்றதையும் கணக்கில் எடுங்கள். சதுக்கத்தைச் சுற்றிய வீடுகள் பழையவை, பலவற்றில் லிஃப்ட் இல்லை. இரண்டாம் மாடி என்றால் நம் கணக்கில் மூன்றாம் மாடி, மரப்படி. சந்தை மேடையின் பாட்டு இரவு வரை கேட்கும். அது ஓய்ந்தபின் கருங்கல் தெருவில் பெட்டிச் சக்கரம் உருளும் சத்தம் விடியவிடிய. வாசலில் வண்டி நிறுத்த முடியாத தெருக்களும் உண்டு. வினோஹ்ராடி, கார்லீன் பகுதிகள் இரண்டும் அமைதி, மெட்ரோவில் பத்து நிமிடத்துக்குள் நடுநகர். முன்பதிவு செய்யும்போது இரண்டே கேள்வி எழுதிக் கேளுங்கள்: தெருமட்டத்திலிருந்தே லிஃப்ட் தொடங்குகிறதா, அதற்கு முன்னால் எத்தனை படி? 'லிஃப்ட் உண்டு' என்று போட்டிருக்கும் பல வீடுகளில் வாசலிலிருந்து லிஃப்டுக்கே ஏழெட்டுப் படி ஏற வேண்டும்.

கம்பளி

உடை பற்றி யாரும் சொல்லவில்லை. பகலில் 0 முதல் 4 டிகிரி, இரவில் அதற்குக் கீழே. சில நாள் மைனஸ் 10 வரை போகும். ஆனால் பனிப்பொழிவை நம்பிப் போகாதீர்கள். ப்ராக்கில் கிறிஸ்துமஸன்று வெள்ளைத் தெரு அபூர்வம். பெரும்பாலும் சாம்பல் வானம், சில நாள் மூடுபனி. குளிர்ந்த காற்று பள்ளத்தில் தேங்கி, மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோல் உட்கார்ந்துகொள்ளும். காற்று அடிக்கும்வரை அது கலையாது. எனவே வானம் தெளிந்த காலை கிடைத்தால் அன்றைய திட்டத்தை மாற்றிப் பாலத்துக்கு ஓடுங்கள்.

குளிர் அதிகம் ஏறுவது கால் வழியாகத்தான். சந்தையில் அரை மணி நேரம் கல்தரையில் நின்றால் செருப்புத்தோல் அடிப்பாகம் வழியாகச் சில்லிப்பு உச்சிக்குப் போகும். இரண்டு சாக்ஸ் போட்டுச் சப்பாத்தை இறுக்கினால் ரத்த ஓட்டம் நின்று இன்னும் மோசம். ஒரு அளவு பெரிய சப்பாத்து, ஒரே ஒரு தடித்த கம்பளிச் சாக்ஸ், உள்ளே கம்பளி இன்சோல். அடிப்பாகம் மென்மையான ரப்பராக, ஆழமான வரிகளோடு இருக்கட்டும். நடைபாதையில் பதித்திருப்பது விரல்நீளச் சதுரக் கல். பலரின் கால் பட்டு வழவழப்பாகத் தேய்ந்தது, ஈரத்திலேயே வழுக்கும். அம்மாவுக்குச் சப்பாத்தில் மாட்டும் ரப்பர் முள்பட்டை ஒரு ஜோடி.

அம்மா சேலைதான் என்றால் உள்ளே கம்பளி லெகிங்ஸ், சேலையைக் கணுக்காலுக்கு நான்கு விரல் மேலே தூக்கிக் கட்டட்டும். ஓரம் சேற்றுப்பனியில் நனைந்தால் நாள் முழுக்கக் காயாது. உள்ளுடுப்பில் பருத்தி வேண்டாம், வியர்வையைப் பிடித்துவைத்துக்கொண்டு வெளியே வந்ததும் குளிரும். கடை, டிராம், அருங்காட்சியகம் எல்லாமே உள்ளே சூடு. ஒரே தடித்த கோட்டைவிடக் கழற்றி மாட்ட மூன்று மெல்லிய அடுக்கு மேல்.

ஃபோனைச் சட்டைக்குள் வையுங்கள். 40 சதவீதம் காட்டும் பேட்டரி குளிரில் திடீரென அணையும்; டிராம் சீட்டு அதற்குள் இருந்தால் வம்பு. பிளக் இரண்டு உருண்டை முள், நம் மூன்றுமுள் நுழையாது.

சுக்குக்காப்பி

அனைவருக்கும் நன்றி. ட்ரெஸ்டனை விட்டுவிட்டேன். இப்போது வரைவு இது. 22 மாலை சந்தை. 23 கோட்டை, டிக்கெட் இரண்டு நாள் செல்லும் என்று போட்டிருப்பதால் மிச்சத்தை அடுத்த நாள் பார்க்கலாம். 24 காலை மளிகை, மாலை ஏதாவது தேவாலயம். 25 சார்லஸ் பாலம். 26 யூதர் பகுதி. 27 காலை மறுபடி பேராலயம். 28 குட்னா ஹோரா. சார்லஸ் பாலத்தில் விளக்கு ஏற்றுபவர் வருவார் என்று படித்தேன், அது எந்த நாள்? அம்மா கும்பிடப் போகத் தோதான தேவாலயம் எது? விசா எப்போது போடலாம்?

நெய்தல்

வரைவில் நான்கு ஓட்டை.

கோட்டை டிக்கெட் அடுத்தடுத்த இரண்டு நாளுக்கு. 23இல் வாங்கினால் இரண்டாம் நாள் 24, அன்று உள்ளே விடமாட்டார்கள். எனவே 23 அன்றே முடிக்கும்படி 9 மணிக்கு நுழையுங்கள். 26 சனிக்கிழமை; யூத அருங்காட்சியகம் சனிக்கிழமைகளில் கிடையாது. ஆனால் கிறிஸ்துமஸ் அவர்களுக்குப் பண்டிகை அல்ல என்பதால் 25 வெள்ளிக்கிழமை திறந்திருக்கும், 9 முதல் 4:30 வரை. ஊரே மூடிக்கிடக்கும் நாளுக்கு அதைவிடப் பொருத்தம் இல்லை. பின்காஸ் தொழுகைக்கூடத்தின் சுவரில் நாஜிகளால் கொல்லப்பட்ட ஏறத்தாழ 78,000 பேரின் பெயரைக் கையால் எழுதியிருக்கிறார்கள். பையனுக்கு முன்னாலேயே கொஞ்சம் சொல்லி அழைத்துப் போங்கள். ஆண்கள் தலையை மூட வேண்டும். 27 ஞாயிறு, பேராலயம் 12 மணிக்குத்தான் என்று பஸ் ஏற்கெனவே சொன்னார். 26க்கு வீஷெஹ்ராட் போடுங்கள்: மெட்ரோ சி, நிலையத்திலிருந்து பெரும்பாலும் சமதரை, மதில்மேலிருந்து ஆறு முழுக்கத் தெரியும், இசையமைப்பாளர்கள் ட்வோர்ஷாக்கும் ஸ்மெதனாவும் உறங்கும் கல்லறைத் தோட்டம் அங்கேதான்.

விளக்கு ஏற்றுபவர் திருவருகைக்காலத்தில் (கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்கள்) மட்டும், 23ஆம் தேதி வரை, மாலை 4 மணி வாக்கில். நீண்ட கம்போடு வந்து எரிவாயு விளக்குகளை ஒவ்வொன்றாக ஏற்றிப்போவார். நீங்கள் திட்டமிட்ட 25இல் வரமாட்டார். 22 மதியம் இறங்குவதால் அன்று நம்ப முடியாது. 23இல் கோட்டையை விட்டு 3 மணிக்கே கிளம்பி, 22ஆம் டிராமில் இறங்கி, கோட்டை இருக்கும் கரையான மாலா ஸ்த்ரானா பக்கத்திலிருந்து பாலத்தில் ஏறுங்கள். அந்த முனையில் கூட்டம் குறைவு.

சூசையப்பர் தெரு

தேவாலயக் கேள்விக்கு. கார்மெலிட்ஸ்கா தெருவில் வெற்றி அன்னை ஆலயம், 22ஆம் டிராமில் ஹெல்லிகோவா நிறுத்தம். நம் ஊர் வீடுகளிலும், பெங்களூர் விவேக்நகர் திருத்தலத்திலும் வணங்கும் குழந்தை இயேசுவின் மூலச் சுரூபம் இங்கேதான் இருக்கிறது. மரத்தில் செய்து மெழுகு பூசியது, உயரம் 47 செ.மீ.; படங்களைப் பார்த்துப் பெரிதாக எதிர்பார்த்து வருபவர்கள் திகைப்பார்கள். ஸ்பெயினிலிருந்து வந்த சுரூபத்தை 1628இல் லோப்கோவிட்ஸ் சீமாட்டி பொலிக்செனா கார்மேல் துறவிகளுக்குக் கொடுத்தார். திருவழிபாட்டுக் காலத்துக்கேற்ப ஆடை மாற்றுவார்கள். திருவருகைக்காலத்தில் போனால் ஊதா, கிறிஸ்துமஸ் காலத்தில் வெள்ளை. வலப்பக்கப் பீடத்தில் இருக்கிறது, நுழைவுக் கட்டணம் இல்லை.

24 இரவுப் பூசை: புனித வீத்துவில் நள்ளிரவுக்கு, ஒரு மணி நேரம் முன்னால் போனாலும் உட்கார இடம் நிச்சயமில்லை. அம்மாவுக்கும் பையனுக்கும் மாலை வேளைப் பூசை உள்ள பங்கு ஆலயம் போதும். வாசலில் ஒட்டியிருக்கும் நேரப்பட்டியலைக் காலையிலேயே பாருங்கள். யாக்குப் யான் ரீபா 1796இல் எழுதிய செக் கிறிஸ்துமஸ் பூசைப்பாட்டு பல கோயில்களில் பாடப்படும். அதையே 'கச்சேரி' என்று வேடமிட்டவர்கள் தெருவில் டிக்கெட் விற்பார்கள். அதே பாட்டை வழிபாட்டில் இலவசமாகக் கேட்கலாம். ஒன்று முக்கியம், பழைய கற்கோயில்களில் கணப்பு கிடையாது. ஒரு மணி நேரம் மரப்பலகையில் உட்கார்ந்தால் தெருவைவிடக் குளிரும். மடித்த சால்வை ஒன்று உட்கார, ஒன்று போர்த்த.

சில்லறை

விசா: பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து, ஆக ஜூன் 22 முதல் போடலாம். முடிவுக்கு 15 நாள் என்பது விதி, சிக்கல் என்றால் 45 வரை நீளும். டிசம்பர் பயணக்காரர்கள் எல்லோரும் அக்டோபர் கடைசியில் நெருக்குவார்கள், நீங்கள் செப்டம்பரில் முடித்துவிடுங்கள். பெரியவருக்கு 90 யூரோ, பையனுக்கு 45. காப்பீடு குறைந்தது 30,000 யூரோ, ஷெங்கன் முழுமைக்கும், திரும்பும் நாள் வரை. துபாய் வழி என்றால் குடிவரவு ப்ராக்கில். ஃப்ராங்ஃபர்ட் வழி என்றால் அங்கேயே. இப்போது முதல் நுழைவில் முகப்படம் எடுக்கிறார்கள், விசாவுக்குக் கொடுத்த விரல்ரேகையைச் சரிபார்க்கிறார்கள்; 12 வயதுக்குக் கீழ் முகப்படம் மட்டும். ஃப்ராங்ஃபர்ட்டில் அந்த வரிசையும் இறக்கைப் பனி கழுவும் தாமதமும் சேர்ந்தால் ஒன்றரை மணி நேர இணைப்பு போதாது, மூன்று வையுங்கள்.

மரவட்டை

சதுக்கத்தில் தங்குவதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், அந்த ஏழெட்டுப் படி என் கணக்கில் இல்லை. இடையில் ஒரு கேள்வி: 31 வரை இருப்பவர்களுக்கு வாணவேடிக்கை உண்டா?

எட்டாம் நம்பர் பஸ்

நகராட்சி நடத்திய புத்தாண்டு வாணவேடிக்கை நின்று பல வருடம் ஆகிறது. வரலாற்று மையப்பகுதியில் தனியார் வெடிக்கும் தடை. தடையை மீறிக் கூட்டத்துக்குள் வெடிப்பவர்கள் இருப்பார்கள், கண்ணாடிப் பாட்டில் தரையெல்லாம் கிடக்கும். சின்னப் பிள்ளையோடு அன்றிரவு சதுக்கம் வேண்டாம். ஜனவரி 1 மதியம் பருப்பு சாப்பிட்டால் வருடம் முழுக்கக் காசு சேரும் என்று செக்காரர்கள் சொல்வார்கள். அன்றும் பெரிய கடை பூட்டு, பருப்பை 31ஆம் தேதியே வாங்கிவிட வேண்டும்.

ஒரு கை உப்பு

சுக்குக்காப்பி, ஒன்று விட்டுப்போனது. 20 முதல் 23 வரை மெட்ரோ வாசல்களிலும் தெருமுனைகளிலும் நீலநிறத் தொட்டிகளில் உயிர்க் கெண்டை நீந்தும். கேட்டால் அங்கேயே பலகையில் அடித்து, செதில் சுரண்டிக் கட்டித் தருவார்கள். செதில் ஒன்றைப் பணப்பையில் வைத்தால் காசு தங்கும் என்று நம்பிக்கை, பையனுக்குப் பிடிக்கும். அம்மாவோடு போகும்போது தொட்டி தெரிந்தால் எதிர்ப்புற நடைபாதைக்கு மாறிவிடுங்கள். தரையில் ரத்தத் தண்ணீர் ஓடும், உறைந்தால் வழுக்கவும் செய்யும்.

சுக்குக்காப்பி

23 கோட்டை, 3 மணிக்குப் பாலம். 24 காலை குழந்தை இயேசு, ஊதா ஆடையிலேயே பார்த்துவிடலாம். பிறகு 11க்குள் மளிகை. 25 யூதர் பகுதி, 26 வீஷெஹ்ராட், 27 ஓய்வும் சந்தையும், 28 குட்னா ஹோரா. வானியல் கடிகாரம் எங்கே பொருந்தும்?

சில்லறை

தனி நேரம் வேண்டாம். காலை 9 முதல் இரவு 11 வரை மணிக்கு ஒருமுறை ஜன்னல் திறந்து 12 அப்போஸ்தலர்களும் சுற்றிவருவார்கள், ஒரு நிமிடம்கூட ஆகாது. சந்தைக்குப் போகிற வழியில் மணி அடிக்க ஐந்து நிமிடம் முன்னால் நில்லுங்கள். எல்லோரும் மேலே பார்க்கும் அந்த ஒரு நிமிடம் பிக்பாக்கெட்காரர்களின் வேலைநேரம், ஒருவர் மட்டும் கடிகாரத்தைப் பார்க்காமல் பைகளைப் பாருங்கள். 20 கொருனா நாணயம் ஏழெட்டு அம்மாவின் கோட்டுப்பையில் தனியாகப் போட்டுவையுங்கள். பொதுக் கழிப்பறைக்கெல்லாம் காசு, பல வாசல்களில் அட்டை எடுப்பதில்லை.